படுக்கைப்புண்ணும் அரசின் பொறுப்பும்

(ராமகுப்பம் மண்டலக் கட்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓய்வூதியம், ரேஷன் அட்டை, வேலையுறுதித் திட்டக் கூலி ஆகியவற்றுக்காகக் கட்சிக் கிளைகள் ஓயாது போராடி வருகின்றன. ஆனால் படுத்த படுக்கையாகிவிட்ட ஓர் உழைப்பாளியின் முதுகில் ஆறாமல் இருக்கும் புண், கோரிக்கைப் பட்டியல்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. அப்புண் உயிரையே பறிக்கக் கூடியது. அதே வேளையில் பெரும்பாலும் தடுக்கக் கூடியதுமாகும்.

குப்பம், ராமகுப்பம் பகுதிகளிலிருந்து ரயிலேறிப் பெங்களூருவுக்குக் கட்டட வேலைக்குச் செல்வோர் ஏராளம். சாரத்திலிருந்து விழும் தொழிலாளியின் தண்டுவடம் ஒரே நொடியில் சிதைந்துவிடலாம். அறுவைச் சிகிச்சையோடு ஒப்பந்தக்காரர் விலகிக்கொள்கிறார். சில வாரங்களில் மருத்துவமனையும் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது. அதன்பின் வரும் ஆண்டுகளின் பாரம் முழுவதும் மனைவியின் மீதோ தாயின் மீதோ விழுகிறது.

தண்டுவடம் பாதிக்கப்பட்டவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருப்பதில்லை. மற்றவர்கள் உறக்கத்திலும் புரண்டு படுப்பதற்குக் காரணமான அந்த அசௌகரியம் அவருக்குத் தோன்றுவதில்லை. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு, குதிகால் ஆகிய இடங்களில் உடலின் எடை ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது. சில மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். முதல் நிலையில் தோல் கிழிவதில்லை, சிவக்க மட்டுமே செய்கிறது. கறுத்த மேனியில் அச்சிவப்புக் கண்ணுக்குப் புலப்படாது. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் கெட்டித் தன்மையையும் அறிய வேண்டும். நான்காம் நிலையில் எலும்பே தெரியும். மேலே சிறு துளையாகத் தோன்றுவது உள்ளே பெரும் குழியாக இருப்பதும் உண்டு. நச்சு ரத்தத்தில் கலந்தால் மரணம் நேரலாம்.

இம்மரணம் விதியல்ல என்பதை வரலாறு மெய்ப்பித்துள்ளது. தண்டுவடம் முறிந்த படைவீரர்களில் பலர் படுக்கைப்புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் விரைவில் இறந்துகொண்டிருந்த காலத்தில், நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த மருத்துவர் லுட்விக் குட்மன் 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் தவறாமல், நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கும் முறையை அங்கே கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். நோயாளிகள் பிழைத்தனர்.

அருகிலுள்ள வேலூரிலும் ஒரு சான்று உண்டு. தொழுநோயாளியின் பாத ஆறாப்புண்ணுக்குக் காரணம் உணர்ச்சியற்ற பாதத்தின் மீது விழும் அழுத்தமே என்று கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். மென்மையான ரப்பர் அடியிட்ட செருப்பு பல பாதங்களைக் காத்தது. அவருடன் பணியாற்றிய மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தால் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளுக்குக் கை அறுவைச் சிகிச்சை செய்தார். வேலூரில் மறுவாழ்வு மையம் உருவாக வழிவகுத்தார். முறையான பராமரிப்புக் கிடைத்தால் மாற்றுத்திறனாளி எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்றைய அரசுகள் என்ன செய்கின்றன? ஆந்திராவில் 2024 ஜூலை முதல் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 6,000 ரூபாயாகவும், படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கிய கடும் பாதிப்புடையோருக்கு 15,000 ரூபாயாகவும் உயர்ந்துள்ளது. இது வரவேற்கத்தக்கதே. ஒன்றிய அரசோ 80 சதவீத ஊனத்துக்கு மாதம் 300 ரூபாய் என்ற தொகையை நெடுங்காலமாக உயர்த்தவில்லை. ஜிஎஸ்டி வந்தபோது சக்கர நாற்காலிக்கும் 5 சதவீத வரி விதித்தது.

எனினும் பணம் மட்டும் புண்ணை ஆற்றாது. காப்பீட்டுத் திட்டங்கள் மருத்துவமனைப் படுக்கையை மையமாகக் கொண்டவை. ஆயுஷ்மான் பாரத் திட்டம் வீடு திரும்பிய பின் 15 நாட்களுக்கான செலவை ஏற்கிறது. ஆழமான படுக்கைப்புண் ஆறவோ பல மாதங்கள் ஆகும். எஞ்சிய காலத்தில் கட்டுத்துணி, மருந்து, காற்றுப்படுக்கை, சிறுநீர்க் குழாய் என அனைத்தையும் கடைவிலைக்கு வாங்க வேண்டியுள்ளது. லாபம் கிட்டும் அறுவைச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனை உண்டு. லாபமற்ற அன்றாடப் பராமரிப்புக்கு எவருமில்லை.

மாற்று வழி உண்டு. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு 2008-இல் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைக் கொள்கையை அறிவித்தது. ஊராட்சிகளின் பொறுப்பில் செவிலியர்கள் வீடு தேடிச் சென்று புண்ணுக்குக் கட்டுப் போடுகின்றனர், சிறுநீர்க் குழாய் மாற்றுகின்றனர். தமிழ்நாட்டின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. இயன்முறைச் சிகிச்சையையும் ஆதரவுச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு செல்வது அதன் நோக்கம். எல்லையைத் தாண்டினால் கிடைப்பது ராமகுப்பத்தில் ஏன் கிடைக்கக்கூடாது?

சட்டமும் துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-வது பிரிவு இலவச மருந்து, உதவிக் கருவிகள், கூடுதல் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி ஆகியவற்றைப் பேசுகிறது. 25-வது பிரிவு கிராமப்புறங்களில் அருகிலேயே இலவச மருத்துவம் என்கிறது. ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை:

1. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் புண் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் நியமிக்கப்பட்டு, வீடுகளுக்குச் செல்ல வேண்டும்.

2. கட்டுத்துணி, சிறுநீர்க் குழாய், காற்றுப்படுக்கை ஆகியவை இலவசமாக வழங்கப்பட வேண்டும்.

3. பராமரிக்கும் குடும்பத்தினருக்கு ஓய்வூதியத்தோடு தனியாகப் படி வழங்கப்பட வேண்டும்.

4. ஆஷா ஊழியர்கள் மீது ஊதியமின்றி இப்பணியைச் சுமத்தக் கூடாது.

5. தமிழ் பேசும் எல்லைக் கிராமங்களில் பராமரிப்புக் குறிப்புகள் தெலுங்கோடு தமிழிலும் அச்சிடப்பட வேண்டும். புரியாத மொழியிலுள்ள மருத்துவ அறிவுரை பயன்படாது.

கோரிக்கை நிறைவேறும் வரை கிளைகள் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. தத்தம் கிராமத்தில் படுக்கையில் உள்ளோரைக் கணக்கெடுக்கட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புதல், நாள்தோறும் தோலைச் சோதித்தல், முட்டை, பருப்பு போன்ற புரதமிக்க உணவு ஆகியவற்றைக் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்கட்டும். புண்ணில் ஸ்பிரிட்டோ சாம்பலோ இடுவதையும், வளையத் தலையணை வைப்பதையும் தடுக்கட்டும். காய்ச்சல், துர்நாற்றம், கறுத்த தசை ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யட்டும்.

அக்கணக்கெடுப்பே நாளை மண்டல அலுவலகத்தின் முன் வைக்கப்படும் மனுவாகட்டும். வீட்டுக்குள் முடங்கியவரின் பெயரும் அதில் இடம்பெறட்டும்.