தலையிழந்த பறவைகள்



"இஸ்லாமியக் கலையில் உயிர்களின் உருவத்துக்கு இடமில்லை" என்று ஓமந்தையில் என் மாணவருக்கு நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். பள்ளிவாசல்களுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் முழு உண்மையன்று.

ஈரானின் நதன்ஸ் என்ற ஊரிலே சூபி ஞானி அப்துஸ் சமத்தின் அடக்கத்தலத்துக்கென 1308ஆம் ஆண்டளவில் செய்த சுவரோடுகளைப் படத்தில் கண்டேன். நடுவே நீல நிறத்தில் புடைத்தெழுந்த குர்ஆன் எழுத்துக்கள். மேல்விளிம்பில் சோடி சோடியாகப் பறவைகள்!

வெண்கல் மாவும் கண்ணாடித்தூளும் சிறிது களிமண்ணும் குழைத்து, அச்சில் அழுத்தி எடுத்தார்கள். மெருகு பூசிச் சுட்டார்கள். வெள்ளியும் செம்பும் கலந்த பூச்சால் எழுதி, புகை மண்டிய சூளையில் மறுபடியும் சுட்டார்கள். பொன் ஒரு துளியும் இல்லை. ஓடோ பொன்னாய் மின்னும். (மேற்காசிய மெருகு நமக்கும் புதிதல்ல. 1980களில் மாந்தைத் துறையை அகழ்ந்தபோது நீலப்பச்சை மெருகிட்ட கலத்துண்டுகள் கிடைத்தன.)

பின்னாளில் எவரோ எழுத்தை விட்டுவிட்டு, பறவைகளின் தலைகளை மட்டும் கொத்தியெடுத்துவிட்டார். பறவையை வைத்தவரும் பக்தர். கொத்தியவரும் தம்மைப் பக்தரென்றே எண்ணியிருப்பார். இரண்டும் ஒரே மார்க்கத்துக்குள் நடந்தவை. ஒரு சமயத்தாரை ஒரே வசனத்தில் அடக்கிய என் பாடம் எனக்கே கூச்சமாயிற்று. ஓடுகள் இன்று இலண்டன், நியூயோர்க் நூதனசாலைகளிலே சிதறிக் கிடக்கின்றன.

மறுநாள் வகுப்பில் என் தவறைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன்.

"தலையில்லையே சேர், பறவையென்று எப்படித் தெரியும்?" என்றாள் ஒரு பிள்ளை.

"சிறகைப் பார் பிள்ளை" என்றேன்.