'எங்கள்' என்னும் சொல்
(கிறித்தவ வாழ்வில் கூட்டு வழிபாடு குறித்த உரை)



இயேசு பெருமான் தம் சீடர்க்குக் கற்பித்த மன்றாட்டு ஒன்றே. அதில் இறைவன் 'என் தந்தை' என விளிக்கப்படவில்லை. 'எங்கள் தந்தை' என்றே விளிக்கப்படுகின்றான். நள்ளிரவில் தனியறையில் முழந்தாளிட்டிருக்கும் ஒருவரும் அம்மன்றாட்டைச் சொல்லும்போது பன்மையிலேயே சொல்ல வேண்டியவராகின்றார்.

இந்நுட்பத்தைத் தமிழ் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 'நாம்' என்பது கேட்போரையும் உளப்படுத்தும் தன்மைப் பன்மை; 'நாங்கள்' என்பது உளப்படுத்தாதது. இறைவனை முன்னிலையில் வைத்து வேண்டுவதால் 'எங்கள்' என்பதே ஈண்டுப் பொருந்தும். ஆனால் அந்த 'எங்கள்' என்னும் சொல்லுக்குள் யார் யார் அடங்குவர்? இவ்வினாவிற்கு இலக்கணம் விடை கூறாது. கூடி வழிபடும் சபைதான் விடை கூற வேண்டும்.

நம்பிக்கை என்பது தனியொருவர் நெஞ்சில் நிகழ்வதுதானே, அதற்குக் கூட்டம் எதற்கு என வினவுவோர் உண்டு. அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. இயேசுவே மலைமேல் தனித்திருந்து வேண்டியவர். கதவை அடைத்து மறைவில் வேண்டுமாறு பணித்தவர். எனினும், இருவர் மூவராய்க் கூடுமிடத்தில் தாம் இருப்பதாக உறுதி தந்தவரும் அவரே. அப்பம் பிட்டுப் பகிர்ந்து உண்ட கூட்டமாகவே முதற்சபையைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது. கூடிவருதலைக் கைவிட்டவர்களை எபிரேயர்க்கு எழுதப்பட்ட மடல் கண்டிக்கின்றது.

இதன் காரணம் மனித இயல்பிலேயே உள்ளது. எவருடைய நம்பிக்கையும் எல்லா நாளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. மகவை இழந்த தாய் அவ்வாரம் கோவிலில் வாய்திறந்து பாட மாட்டாள். அவள் பாடாத வரியை அருகில் நிற்பவள் பாடுகிறாள். மற்றொரு நாள் அவளே பிறர்க்காகப் பாடுவாள். ஒருவர் தளரும்போது மற்றவர் சுமக்கும் ஏற்பாடே கூட்டு வழிபாடு எனலாம்.

இவ்வுண்மையைச் சபைக்குப் புறத்தே நின்ற ஒருவரும் குறித்துள்ளார். கி.பி. 112 அளவில் பித்தினியா நாட்டை ஆண்ட உரோம ஆளுநர் பிளினி, பேரரசன் திராயானுக்கு எழுதிய மடலில் கிறித்தவர்களைப் பற்றி அறிவிக்கின்றார். அவர்கள் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறித்துவைக் கடவுளாகப் போற்றி மாறிமாறிப் பாடுவர் என்பது அவருக்குக் கிடைத்த செய்தி. அக்கூட்டத்தாரைத் தண்டித்த ஆளுநரின் மடலிலேயே அவர்தம் பாட்டு பதிவாகியிருப்பது கவிஞர்கள் கருதத்தக்கது.

தமிழ்நாட்டிலும் சபையைப் பாட்டே வளர்த்தது. 1706ஆம் ஆண்டில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கியதைத் தொடர்ந்து, செருமானிய மெட்டுக்களில் அமைந்த ஞானப்பாட்டுக்கள் தமிழில் வழங்கலாயின. பின்னர்த் தஞ்சை வேதநாயகம் சாத்திரியார் (1774–1864) தமிழிசை மரபில் கீர்த்தனைகளை இயற்றினார். கீர்த்தனையின் அமைப்பே கூட்டு வழிபாட்டிற்கு இசைந்தது. சரணத்தை ஒருவர் பாடுவார். பல்லவியை அனைவரும் எடுத்துக்கொள்வர். எழுத்தறியாதவரும் இரண்டாம் முறை பல்லவி வரும்போது பாடுநராகிவிடுவார். அமெரிக்க மதுரை மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பார் 1853இல் இத்தகைய கீர்த்தனைகளைத் தொகுத்துச் சபைகளின் பயன்பாட்டிற்கென வெளியிட்டார்.

இவ்விடத்தில் ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் கூற வேண்டும். 1820களின் இறுதியில், புதிதாக வந்த மிசனரிமார் சிலர் தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து விலக்க முற்பட்டனர். சாதிவாரியாகப் பிரிந்து அமரும் வழக்கத்தையும் ஒழிக்க முனைந்தனர். சாத்திரியார் இரண்டையும் எதிர்த்தார். கீர்த்தனைக்காக அவர் வாதாடியது தமிழுக்குச் செய்த தொண்டு. சாதிப் பிரிவுக்காக வாதாடியதோ, அவர் பாடிய பல்லவிக்கே முரணானது. 1833இல் கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமை அறவே கூடாது என ஆணை விடுத்தபோது, தஞ்சையில் பலர் ஆராதனையையே விட்டு விலகினர். ஒரே கிண்ணத்தில் பருகுவதைவிடத் திருவிருந்தை இழப்பதே மேல் எனக் கருதியோரும் இருந்தனர்.

கத்தோலிக்கச் சபையும் இக்குறைக்கு விலக்கன்று. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், இரு கவராகப் பிரிந்து ஒரே பீடத்தில் வந்து சேரும் இரண்டு மண்டபங்களோடு கோவில் எழுப்பப்பட்டது. சாதியார் ஒருபுறமும் மற்றவர் மறுபுறமும் இருந்து ஒரே பூசையைக் கண்டனர். அங்கிருந்த தடுப்பு 1910இல் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்தோர் உயர்நீதிமன்றம் வரை சென்றும் வென்றிலர். கூடியிருத்தல் வேறு, கூடுதல் வேறு என்பதற்கு அக்கோவிலே சான்று. கொரிந்து நகரில் செல்வர் உண்டு களிக்க ஏழையர் பசித்திருந்த விருந்தை, அது ஆண்டவரின் விருந்தே அன்று எனப் பவுல் மறுத்தமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. 1950இல் அது வகுத்த திருவிருந்து ஆராதனையில், பண்டைய வழக்கமொன்று மீண்டும் இடம்பெற்றது. பீடத்திலிருந்து தொடங்கும் சமாதான வாழ்த்து, ஒருவர் கையை மற்றவர் தம் கைகளுக்குள் ஏற்க, வரிசை வரிசையாகச் சபை முழுதும் செல்லும். தீண்டாமை நிலவிய நாட்டில், அடுத்தவரின் கையைத் தொட்ட பின்னரே அப்பத்தை ஏற்க வேண்டும் என்னும் முறையின் ஆழத்தை எளிதில் அளந்துவிட இயலாது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட வழிபாட்டு ஏட்டின் பயனாக, இலத்தீனில் ஒலித்த பூசை தமிழில் ஒலிக்கலாயிற்று. பார்த்திருந்த மக்கள் பங்கேற்கும் மக்களாயினர்.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் கோவில்கள் அடைக்கப்பட்டபோது, வழிபாடு கைபேசித் திரைக்குள் வந்தது. நோயுற்றோர்க்கும் முதியோர்க்கும் அது பெருந்துணை. அதனைக் குறைகூறுதல் தகாது. ஆனால் திரையில் பாடகரின் குரல் கேட்கும். அடுத்த இருக்கையில் இருப்பவரின் தளர்ந்த குரல் கேட்பதில்லை. பிடிக்காதவர் அருகில் வந்து அமரும் இக்கட்டும் அங்கு இல்லை. அவ்விக்கட்டே கூட்டு வழிபாட்டின் பயிற்சி. தாமே தெரிந்தெடுக்காத மனிதரோடு சேர்ந்து 'எங்கள்' என்று சொல்லப் பழகுமிடம் அதுவே.

அப்பழக்கம் இன்னும் முற்றுப்பெறவில்லை. இறந்தோரைச் சாதிவாரியாகப் பிரிக்கும் கல்லறைத் தோட்டங்கள் பற்றிய முறையீடுகள் இன்றும் எழுகின்றன. ஒரே பாட்டைப் பாடி வாழ்ந்தவர்கள் மண்ணுக்குள் பிரிக்கப்படுவார்களாயின், அப்பாட்டு நம்பிக்கையாக முதிரவில்லை என்றே கொள்ள வேண்டும்.

கவிஞர் பெருமக்களே, இன்று இயற்றப்படும் கிறித்தவப் பாடல்கள் பலவற்றில் 'நான்', 'என்' என்னும் சொற்களே மிகுந்துள்ளன. தனி நெஞ்சின் அழுகை திருப்பாடல்களிலும் உண்டு, அது வேண்டியதே. ஆயினும் 'எங்கள்' என்று தொடங்கும் பாடலை எழுதுதல் அரிது. அதனை எழுதுபவர், கடைசி வரிசையில் நிற்பவர் யார், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார், அவர் இவ்வரியைத் தம் வரியாக ஏற்பாரா என்று கேட்டுக்கேட்டே எழுத வேண்டும். சாத்திரியார் பிரிவுக்கு வாதாடினார். அவர்தம் கீர்த்தனைகளையோ, அவர் அருகில் அமர ஒப்பாத மக்களின் வழிவந்தோரும் தம்முடையனவாகக் கொண்டு இன்று பாடுகின்றனர். புலவரின் எல்லையைப் பாட்டு கடந்துவிட்டது. அத்தகைய பாடல்கள் இவ்வட்டத்திலிருந்தும் பிறக்குமாக.