இரண்டாம் தடவை பார்த்த சென்னை



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைக்கும் படித்தவள். "சென்னை கண்காட்சிக்குப் போய் வந்ததைச் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னதால் வந்து நிற்கிறேன். தப்பு இருந்தால் பொறுத்துக்கோங்க.

நான் சென்னைக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை 2017-ல். எங்கள் குழுவில் வேன் வைத்துச் சுற்றுலா போனோம். வண்டலூர், மெரினா, தலைவர்கள் சமாதி, சாயங்காலம் தி.நகர் ரங்கநாதன் தெரு. கூட்டத்தில் ஒருத்தர் முந்தானையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நடந்தோம். கையில் இருந்த காசை எல்லாம் செலவு பண்ணிட்டு வந்து, "சென்னையைப் பார்த்தாச்சு" என்று ஊரில் ஒரு மாசம் பேசினோம்.

ஆனால் எனக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. என் அப்பா சென்னையில் கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கினவர். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊருக்கு வருவார். "எங்க தங்கறப்பா?" என்று கேட்டால், "அங்க எனக்கு ரூம் இருக்கு கண்ணு" என்பார். 1996-ல் அந்த மார்க்கெட்டை கோயம்பேட்டுக்கு மாத்திட்டாங்க. அப்பா கோயம்பேட்டுக்குப் போகவில்லை. முதுகு வலியோடு ஊருக்கே வந்துவிட்டார். இப்போது அவர் இல்லை. அவர் உழைத்த தெருவைப் பார்க்கணும் என்று நான் சொன்னபோது, "அதெல்லாம் டூர்ல கிடையாதும்மா" என்று வேன் டிரைவர் சொல்லிவிட்டார்.

இரண்டாவது தடவை போன வருஷம் போனேன். நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் கண்காட்சி. நாங்கள் தைத்த மஞ்சப்பைகளை எடுத்துக்கொண்டு ஐந்து பேர் போனோம். காலையில் கூட்டம் இருக்காது. அதனால் இரண்டு பேரைக் கடையில் விட்டுவிட்டு, மூன்று பேர் நுங்கம்பாக்கத்தில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினோம். வழி கேட்டுக் கேட்டு நடந்தோம்.

அந்தப் பகுதிக்கு ஜார்ஜ் டவுன் என்று பெயர். வெள்ளைக்காரன் காலத்தில் கருப்பர் பட்டணம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவுக்காகப் பெயரை மாற்றினார்களாம். அங்கே தெருப் பெயரைப் படித்தாலே தொழில் தெரியும். பவளம் விற்றவர்கள் இருந்தது பவளக்காரத் தெரு. நாணயம் அடித்த இடம் தங்கசாலை. இன்றைக்கும் ஒரு தெருவுக்கு ஒரு சரக்குதான். ஆண்டர்சன் தெரு முழுக்கக் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். கோவிந்தப்ப நாயக்கன் தெருவில் மிளகாய், மஞ்சள் வாசனை. நடந்தாலே தும்மல் வருகிறது. தம்புச்செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலில் கும்பிட்டோம். 1677-ல் மராட்டிய மன்னர் சிவாஜி வந்து கும்பிட்ட கோயில் என்று சொல்கிறார்கள்.

கொத்தவால்சாவடியில் இன்னமும் கடைகள் இருக்கின்றன. ஒரு வயதான பெரியவர் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரைச் சொன்னேன். "தெரியலைம்மா. எத்தனையோ பேர் இருந்தாங்க. திருவண்ணாமலைப் பக்கத்து ஆளுங்களே நிறைய" என்றார். எங்கே தங்குவார்கள் என்று கேட்டேன். "தங்கறதா? ராத்திரி லாரி வரும், இறக்கணும். வேலை முடிஞ்சா இதோ இந்தக் கடைப் படியிலதான் சாக்கை விரிச்சுப் படுப்போம்" என்றார். நான் அந்தப் படியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். கூட வந்த அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நாங்கள் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் பூக்கடைப் பக்கம் வந்தோம். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் இரண்டு முழம் வாங்கினோம். குழு என்றதும் அவங்களே பேச ஆரம்பிச்சாங்க. "நாங்க தண்டல் வாங்கித்தான் வியாபாரம் பண்றோம். 1,000 ரூபான்னு எழுதிக்கினு 900 குடுப்பான். தினம் 100 ரூபா, பத்து நாள் கட்டணும்" என்றார்கள். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். 900 ரூபாய்க்குப் பத்து நாளில் 100 ரூபாய் வட்டி! நம்ம குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. அதே 900-க்கு ஒரு மாசத்துக்கு 9 ரூபாய்தான். "நீங்க குழு வைக்கலையா?" என்று கேட்டேன். "வச்சோம்மா. ரெண்டு பேர் கட்டலைன்னு சண்டை வந்துச்சு, உடைஞ்சுபோச்சு" என்றார்கள். நம்ம குழுவும் இரண்டு தடவை உடையப் பார்த்தது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு விட்டுக்கொடுத்து உட்கார்ந்து பேசினதால் நாம் தப்பித்தோம்.

கடைசியாக கோடவுன் தெரு. தெரு முழுக்கத் துணி மொத்த வியாபாரம். உள்ளே போகவே பயம். முதல் கடையில், "சில்லறை இல்லம்மா, தானாத்தான்" என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாவது கடையிலும் அப்படித்தான். மூன்றாவது கடையில் நான் மஞ்சப்பையை எடுத்துக் காட்டி, "இந்தக் காடா துணி 400 மீட்டர் எடுத்தா என்ன விலை?" என்று கேட்டேன். உடனே உட்காரச் சொன்னார்கள். நாம் டவுனில் வாங்குகிற விலையைவிட மீட்டருக்கு 11 ரூபாய் குறைவு! அன்றைக்கே வாங்கவில்லை. விலையை எழுதிக்கொண்டு, மாதிரித் துணி வாங்கிக்கொண்டு வந்தோம். ஊரில் மூன்று குழுவும் கூடி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அப்புறம்தான் பணம் போட்டோம். பில்லோடு சரக்கு வந்தது. லாரி பார்சல் 650 ரூபாய் போக 3,750 ரூபாய் மிச்சம். இத்தனை வருஷமாக அந்தப் பணம் நம் கையை விட்டுப் போயிருக்கிறது. கேட்காததுதான் காரணம்.

முதல் தடவை நான் கூட்டத்தோடு வேடிக்கை பார்த்தேன். அந்தச் சென்னையில் செலவுதான் ஆச்சு. இரண்டாவது தடவை பார்த்தது நம்மைப் போல உழைக்கிறவங்க இருக்கிற சென்னை. அங்கே நின்று பேசினால் நாலு விஷயம் தெரிகிறது. அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை கண்காட்சிக்கோ பயிற்சிக்கோ எந்த ஊருக்குப் போனாலும், ஒரு அரை நாள் ஒதுக்கி அந்த ஊரின் மொத்தக் கடைத் தெருவுக்கும் போங்க. தனியாகப் போகாமல் மூன்று பேராகப் போங்க. நீங்கள் செய்த பொருளைக் கையில் எடுத்துக்கிட்டுப் போங்க. விலையை எழுதிக்கிட்டு வந்து குழுவில் சொல்லுங்க.

வீட்டுக்கு வந்ததும் கடைப் படி விஷயத்தை அம்மாவிடம் மெதுவாகச் சொன்னேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்டி. ஒருநாள் சொன்னாரு. உனக்குச் சொல்லாதேன்னாரு" என்றார்கள்.

பத்தாவதுக்கு மேல் என்னைப் படிக்க வைக்க முடியலையே என்று அப்பா கடைசி வரைக்கும் வருத்தப்பட்டார். அவர் மூட்டை தூக்கின தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் அவர் மகள் உட்கார்ந்து மொத்த விலை பேசிவிட்டு வந்தாள் என்று சொல்ல அவர் இல்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.