தோட்டத்துத் திருவிழா



மலாயாவில் கெமாசிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை செல்லும் ரயில் பாதை 1909-இல் திறக்கப்பட்டது. சிகாமட்டைத் தாண்டி லாபிஸ், பெக்கோக், குளுவாங் என்று அந்தப் பாதையை ஒட்டிக் காடு அழிந்து ரப்பர் தோட்டங்கள் எழுந்தன. கங்காணியோடு கப்பலேறி வந்த நம் முன்னோர், லயத்தில் குடியேறிய கையோடு ஒரு மரத்தடியில் சூலம் நட்டு, மஞ்சள் துணி சுற்றி மாரியம்மனைக் குடியேற்றினார்கள். எல்லையைக் காக்க முனியாண்டியும் மதுரைவீரனும் வந்தார்கள். தோட்டக் கோயில்கள் பலவற்றின் தலவரலாறு இப்படித்தான் தொடங்குகிறது.

அந்தக் கோயில்களில் ஆண்டுக்கொரு முறை நடந்துவரும் திருவிழாவைப் பற்றியே இன்று பேசப்போகிறேன். அதை ஓர் உயர்ந்த கலையாகவே நான் மதிக்கிறேன்.

காப்புக் கட்டியதும் தோட்டமே விரதத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு நாள் பூசையும் ஒரு பிரிவினரின் உபயம்: பால்மரம் வெட்டுவோர் ஒரு நாள், ஆலையில் வேலை செய்வோர் ஒரு நாள், கிராணிமார் ஒரு நாள். கோயில் செலவுக்கு மாதச் சம்பளத்தில் பணம் பிடித்த தோட்டங்களும் உண்டு. தோட்ட நிர்வாகம் நிலமும் பலகையும் விடுமுறையும் தந்தது. கோயில் இருந்தால் ஆட்கள் வேறு தோட்டத்துக்குப் போகமாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருந்தது. ஆனால் விடியற்காலைப் பிரட்டில் பேர் கூப்பிடும்போது கைகட்டி நின்றவர், அந்த ஒரு வாரம் தலைப்பாகையோடு பரிவட்டம் ஏற்கும் உபயதாரர். இந்த மரியாதையை வேறெந்த இடமும் அவருக்குத் தரவில்லை.

ஆற்றங்கரையில் கரகம் பாலிக்கும் இரவுதான் இந்தக் கலையின் உச்சம். பூவும் வேப்பிலையும் கொண்டு கரகம் சோடிப்பதற்கே தனிக் கைப்பழக்கம் வேண்டும். பம்பை முழங்க, உடுக்கை அடிப்பவர் அம்மனை வருணித்து அழைப்பார். ஏட்டில் படிக்காமல் காதால் கேட்டுப் பழகிய பாட்டு அது. எங்கே தாளத்தை இறுக்குவது, எங்கே குரலைத் தாழ்த்துவது, யாருக்கு அருள் வரப்போகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். விடிந்தால் பால்குடம், காவடி, பிறகு தீமிதி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் ஆட்தேவை குறைந்தது. பிள்ளைகள் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். திருவிழாவுக்கு மட்டும் திரும்பி வருகிறார்கள். அவர்கள் தரும் பணத்தில் பல கோயில்களுக்குக் கோபுரம் எழும்பியிருக்கிறது, குடமுழுக்கு நடந்திருக்கிறது. ஜொகூர் பாருவில் 1922-இல் ரயில் பாதையோரம் ஒரு குடிசையாகத் தொடங்கிய ராஜகாளியம்மன் கோயில், இன்று சுவரெங்கும் கண்ணாடி பதித்து மின்னுகிறது. அந்த வளர்ச்சியைக் கண்டு நெஞ்சு நிமிர்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்: உடுக்கைப் பாட்டுக்குப் பதில் ஒலிபெருக்கியில் ஒலிநாடா ஓடும் கோயிலில், கோபுரம் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பெரிய செல்வம் ஒன்று கைநழுவிவிட்டது. கோபுரத்தை மறுபடி கட்டலாம். பாடிய தொண்டை ஓய்ந்தால் அந்தப் பாட்டு திரும்பாது.

இன்னொரு கவலையும் உண்டு. தோட்டக் கோயில்களில் பல, தோட்ட நிலத்தில் பட்டா இல்லாமல் நிற்பவை. தோட்டம் கைமாறும்போது, "இந்தக் கோயில் எத்தனை ஆண்டுகளாக இங்கே இருக்கிறது?" என்று கேட்டால் காட்ட ஆதாரம் வேண்டும். பழைய திருவிழா அழைப்பிதழ், உபயக் கணக்குப் புத்தகம், நாள் குறித்த புகைப்படம் ஆகியவைதான் அந்த ஆதாரம்.

லாபிஸிலும் சுற்றுவட்டாரத்திலும் கேட்டுக்கொண்டிருக்கும் நேயர்களே, வீட்டுப் பெட்டியில் அப்படி ஏதேனும் இருந்தால் தூக்கி எறியாதீர்கள். படியெடுத்துக் கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள். உங்கள் ஊரில் உடுக்கை பாடும் பெரியவர் ஒருவர் இருந்தால், வரும் திருவிழாவுக்கு முன்பே அவரைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அவர் பக்கத்தில் ஓர் இளைஞரையும் உட்கார வையுங்கள்.