பெறுநர் யார்?

(நம் அறக்கட்டளையின் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமூக ஊடகங்களின் வழியே வணிகம் செய்வோர், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஏற்றவாறு செய்தி எழுதுவது எப்படி, அதையும் காலம் வீணாகாமல் செய்வது எப்படி என்பது பற்றிப் பேசுமாறு நம் இளைஞர்கள் கேட்டுக்கொண்டனர். முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையின் முன் நின்ற தமிழாசிரியனுக்கு இத்தலைப்பு எவ்வாறு பொருந்தும் என்று நீங்கள் எண்ணலாம். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆயினும் ஒப்புக்கொண்டேன். ஏனெனில் இவ்வவையில் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லிவிட்டே பாடத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு உங்களில் பலருடைய கைபேசிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது நினைவிருக்கலாம். 'அன்புள்ள நயினார், உங்களுக்காகவே ஒரு விழாச் சலுகை! கலப்படமற்ற மலைத்தேன், ஒரு கிலோ வாங்கினால் கால் கிலோ இலவசம்' என்பது அதன் வாசகம். விழா நாளில், தேன் உண்ணாத நம் குடும்பங்களுக்குத் தேன்! நம்மில் பாதிப்பேர் நயினார் ஆதலால், ஒரே வீட்டில் தந்தைக்கும் மகனுக்கும் ஒரே விளி. எனக்கும் அச்செய்தி வந்தது. படித்துச் சிரித்தேன். அனுப்பியவரின் எண்ணைப் பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது. அனுப்பியவன் என் மாணவன். உங்கள் எண்களை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

நான் வடாற்காட்டில் பிறந்தவன்; வேலை கிடைத்துக் குமரி மாவட்டம் சென்று, ஓய்வுக்குப் பின்னரும் தேங்காய்ப்பட்டணத்திலேயே தங்கிவிட்டவன். குழித்துறை ஆறு கடலில் கலக்கும் ஊர் அது. வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைப்போர் அப்பகுதியில் மிகுதி. என் மாணவனும் அவ்வாறு சென்று, வேலை போய்த் திரும்பியவன். மனைவியின் வளையல்களை அடகு வைத்து, ஏத்தங்காய் சிப்ஸ், கருப்பட்டி, தேங்காயெண்ணெய், தேன் ஆகியவற்றைப் பொட்டலமிட்டு விற்கத் தொடங்கினான். ஒருநாள் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்து, 'சாரே, நல்ல குடும்பங்களோட நம்பர் ஒரு இருநூறு கிடைச்சா நான் கரையேறிருவேன்' என்றான். மேசையில் நம் விழா மலர் கிடந்தது. அதன் பின்பக்கங்களில் நன்கொடையாளர்களின் பெயர்களும் கைபேசி எண்களும் இருந்தன. எடுத்துக் கொடுத்துவிட்டேன். நன்றி கூறுவதற்காக அச்சிட்ட பட்டியலை விற்பனைக்குக் கொடுக்கலாமா என்று ஒரு கணமும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவு அவனையே முதலில் சுட்டது. மலரிலிருந்தும் வேறு சில குழுக்களிலிருந்தும் திரட்டிய எண்ணூறு எண்களுக்கு இரண்டு நாள்களில் ஒரே செய்தியை அனுப்பினான். பெற்றவர்கள் முடக்கினார்கள், சிலர் புகாரும் அளித்தார்கள். மூன்றாம் நாள் அவனுடைய எண்ணை வாட்ஸ்அப் நிறுத்திவிட்டது. அந்த எண்தான் அவனுடைய பொட்டலங்கள் எல்லாவற்றிலும் அச்சாகியிருந்தது. மூன்றாண்டுகளாக அவனிடம் வாங்கிவந்தவர்கள் அனைவரும் அந்த எண்ணுக்கே எழுதுவார்கள். ஓணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் அவனுடைய கடை வாயடைத்துப் போயிற்று.

என்னிடம் வந்து கலங்கிய கண்ணோடு அவன் கேட்ட கேள்வி இது: 'சாரே, எல்லாருக்கும் பேர் போட்டுத்தானே அனுப்பினேன்?'

பெரியோர்களே, நான் இன்று சொல்ல வந்தது அக்கேள்விக்கான விடை ஒன்றே. பெயரைப் போடுவது வேறு. பெறுநரை அறிவது வேறு. பத்தாண்டுகள் என் வீட்டுக்கு வந்துபோனவன் அவன். நான் தேன் உண்பதில்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எண்ணூறு எண்களைக் கண்டபோது அவற்றுள் ஒருவனாக அவன் என்னை நினைக்கவில்லை. பெயர் இருந்தது, ஆள் இல்லை.

இத்தவறு புதியதன்று. இணையம் பிறப்பதற்கு முன்பே, 1978 மே 3 அன்று, அமெரிக்காவில் கேரி துர்க் என்னும் விற்பனையாளர், ஆர்ப்பாநெட் என்ற ஆய்வு வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ நானூறு பேருக்குத் தம் நிறுவனத்தின் கணிப்பொறியைப் பற்றி ஒரே மடலை அனுப்பினார். கேளாமல் வரும் விளம்பர மடல்களுக்கு முன்னோடி என்று அதையே கூறுவர். கண்டனங்களும் உடனே எழுந்தன. அதே காலத்தில் டெட்ராய்ட் பகுதியில் ஜோ ஜிரார்டு என்றொரு கார் விற்பனையாளர் இருந்தார். வண்டி வாங்கியவர்களைப் பற்றிய குறிப்புகளைக் கோப்பாகச் சேர்த்து, அவர்களுக்கு மாதந்தோறும் வாழ்த்து அட்டை அனுப்பிவந்தார். 15 ஆண்டுகளில் 13,001 கார்களைத் தனித்தனியாக விற்றுக் கின்னஸ் நூலில் இடம்பெற்றார். முன்னவர் அறியாதவர்களுக்கு எழுதினார். பின்னவர் அறிந்தவர்களை மறவாமல் இருந்தார். இருவரும் பலருக்கு எழுதியவர்களே. ஆதலால் பலருக்கு எழுதுவது குற்றமன்று. யார் என்று பாராமல் எழுதுவதே குற்றம்.

அன்று மாலை நானும் மாணவனும் ஒரு நூறு பக்க நோட்டை எடுத்துக்கொண்டு அமர்ந்தோம். நான் பள்ளியில் கற்பித்த கடிதப் பாடமே எங்களுக்கு வழிகாட்டிற்று. விடுநர், பெறுநர், விளி, பொருள், முடிப்பு ஆகிய ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம்.

முதலில் பெறுநர். அவனிடம் மீதமிருந்த பெயர்களை நான்காகப் பிரித்தோம். ஒருமுறையேனும் வாங்கியவர்கள், விலை கேட்டு வாங்காதவர்கள், வேறொருவர் சொல்லி அறிமுகமானவர்கள், எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள். நான்காம் வகையினரை முழுவதுமாக அடித்துவிட்டோம். நம் மலரிலிருந்து எடுத்த எண்கள் அனைத்தும் அதில் அடங்கின. அடிக்கும்போது அவன் முகம் வாடியது உண்மை. ஆனால் எஞ்சியவை இருநூற்றுப் பத்து. அவன் என்னிடம் கேட்டது அவ்வளவுதானே!

எஞ்சிய ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று குறிப்புகளை எழுதினோம்: கடைசியாக வாங்கியது எது, எப்போது வாங்கினார், அவராகச் சொன்ன ஒரு செய்தி என்ன. மூன்றாவது குறிப்பே உயிர்நாடி. 'சிப்ஸில் உப்புக் கூடுதல்', 'கருப்பட்டி அப்பாவுக்காக', 'பூண்டு சேராத பலகாரம் வேண்டும்' என்று பழைய உரையாடல்களில் எல்லாம் இருந்தன. அவன்தான் திரும்பிப் படித்ததில்லை.

அடுத்து விடுநர். நான் யார், உங்களை எவ்வாறு அறிவேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் செய்தியைத் திறந்தவுடன் எவருக்கும் எழும் ஐயம் அதுவே. அவனுடைய எண்ணும் புதிது ஆகிவிட்டதால் இது இன்னும் இன்றியமையாததாயிற்று.

மூன்றாவது விளி. இங்கேதான் இயந்திரம் தமிழரிடம் தோற்றுப் போகிறது. பெயரின் முதற்சொல்லை எடுத்து 'அன்புள்ள' என்பதோடு ஒட்டும் வழக்கம் மேலைநாட்டுப் பெயர்களுக்காக அமைந்தது. நம்மிடையே முதலில் நிற்பது தலைப்பெழுத்து. அதை விரித்தெழுதினால் தந்தையின் பெயர். எனவே மகனுக்கு எழுதும் மடல் தந்தையை அழைக்கும். அல்லது எல்லோரையும் நயினார் ஆக்கிவிடும். அன்றியும், மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது நம் வழக்கமன்று. ஐயா, அம்மா, அண்ணாச்சி, அக்கா, சார் என்பவற்றுள் அவரை நேரில் எவ்வாறு அழைப்போமோ அதையே நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் எழுதிவைத்தோம். அறுபது வயதுக்காரருக்கு 'ஹாய் ப்ரோ' என்று எழுதுவதினும் எழுதாமல் இருப்பது நன்று.

நான்காவது பொருள். ஒரு செய்தியில் ஒரு பொருளே இருக்கட்டும். அவர் வாங்கியது அல்லது கேட்டது எதுவோ, அதைப் பற்றியே எழுதுக. விலையை மறைக்காதீர். 'இன்று மட்டுமே', 'கடைசிப் பத்து' என்பவை மெய்யாக இருந்தாலன்றி எழுதாதீர்.

இறுதியில் முடிப்பு. வேண்டாம் என்று சொல்லும் வாயிலை நாமே திறந்துவைக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால், முடக்குவதற்குப் பதில் மனிதர்கள் விடை எழுதுவார்கள். வேண்டாம் என்றவரை நோட்டில் உடனே அடித்துவிட வேண்டும். மீண்டும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பதும் தகாது.

இவ்வாறு எழுதிய செய்திகளுள் ஒன்றை, பெயரை விடுத்து, உங்கள் முன் வைக்கிறேன்: 'வணக்கம் அம்மா. தேங்காய்ப்பட்டணம் சிப்ஸ் கடையிலிருந்து எழுதுகிறேன்; என் எண் மாறிவிட்டது. சென்ற ஓணத்துக்கு இரண்டு கிலோ வாங்கியபோது, உப்புச் சற்றுக் கூடுதல் என்று சொன்னீர்கள். இம்முறை குறைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வறுக்கிறோம், வேண்டுமானால் புதன் மாலைக்குள் சொல்லுங்கள். இத்தகைய செய்தி இனி வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன்.'

இதில் சலுகை இல்லை, வியப்புக்குறி இல்லை. ஆயினும், தான் சொன்னதை ஒருவன் நினைவில் வைத்திருக்கிறான் என்பதைக் காணும் எவரும் மகிழவே செய்வர்.

இருநூறு பேருக்கும் இவ்வாறு எழுத நேரம் ஏது என்று இளைஞர்கள் கேட்பீர்கள். அச்செய்தியை மீண்டும் பாருங்கள். முதல் வரியும் கடைசி இரு வரிகளும் ஒரு வகையினர் அனைவருக்கும் பொது. விளியும் நடுவில் உள்ள இரு வரிகளும் மட்டுமே தனி. இந்தியாவில் 2018 முதல் கிடைக்கும் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில், அடிக்கடி எழுதும் வாசகங்களைச் சேமித்து ஒரு குறுஞ்சொல்லால் வரவழைக்கலாம். வாடிக்கையாளர்களை வகைவகையாகக் குறியிட்டும் வைக்கலாம். பொதுப் பகுதியை ஒருமுறை எழுதிச் சேமித்துவிட்டால், தனி வரி எழுதுவதே வேலை. அவன் நாளொன்றுக்குப் பதினைந்து பேருக்கு எழுதினான். முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு வாரத்தில் எல்லோருக்கும் எழுதி முடித்தான். எல்லோருக்கும் பொதுவான செய்தி, கடைக்கு விடுமுறை என்பது போன்றது, இருந்தால் ஒலிபரப்புப் பட்டியலைப் பயன்படுத்தலாம். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம்; நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்தவர்களுக்கே அது சென்று சேரும். அதுவும் நல்லதே, நம்மை அறிந்தவர் யார் என்பதை அது நமக்கே உணர்த்திவிடுகிறது.

இன்று செயற்கை நுண்ணறிவு நொடியில் நூறு மடல்களை எழுதித் தருகிறது. பிழை திருத்தவும் பொதுப் பகுதியைச் செப்பம் செய்யவும் அதன் துணையை நாடுங்கள்; தடையில்லை. ஆனால் அந்தத் தனி வரியை அதனிடம் விடாதீர்கள். நடக்காத பழக்கத்தை நடந்ததுபோல் அது எழுதும். பெறுபவர் அதைக் கண்டுகொண்டால், மெய்யாக எழுதிய வரிகளையும் நம்பமாட்டார்.

இன்னொன்றும் கூற வேண்டும். அவர் நம்மிடம் சொன்னது வேறு. நாம் எங்கோ பார்த்தது வேறு. முகநூலில் ஒருவர் மகளின் நிச்சயதார்த்தப் படத்தைக் கண்டு, 'திருமணத்துக்குப் பலகாரம் வேண்டுமா?' என்று முன்பின் அறியாத ஒருவன் எழுதினால், அவருக்கு மகிழ்ச்சியா வரும்? வேலியோரம் நின்று எட்டிப் பார்த்தவனைக் கண்டதுபோல் இருக்கும். நம் மரபில் வாய்மை விரதத்துக்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் அதிசாரங்களுள், பிறர் மறைவை வெளிப்படுத்துவதும் பொய்யாவணம் எழுதுவதும் உண்டு என்பதைப் பெரியோர்கள் அறிவீர்கள். இன்று நாட்டின் சட்டமும் அதை ஒட்டியே வந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டில் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரின் தகவலை அவருடைய இசைவோடு, சொன்ன நோக்கத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. நான் மலரை எடுத்துக் கொடுத்தபோது மீறியது அந்த அடிப்படையைத்தான்.

மாணவன் பெருஞ்செல்வன் ஆகிவிட்டான் என்று கதையை முடிக்க முடியாது. அந்த ஓணத்துக்கு அவன் விற்றது முந்திய ஆண்டைவிடக் குறைவே. எழுதியவர்களுள் ஏறத்தாழ நூறு பேர் விடை அளித்தனர், பதினொருவர் வேண்டாம் என்றனர், அப்பெயர்கள் அடிக்கப்பட்டன. புதிய எண் இன்றுவரை நிலைத்திருக்கிறது. வளையல்களுள் ஒன்று மீண்டு வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு தேன் செய்தி வந்தபோது, நம் சபையைச் சேர்ந்த ஓர் அம்மையார் மட்டும் அவனை முடக்காமல், 'தம்பி, நாங்கள் தேன் உண்பதில்லை. ஏத்தங்காய் சிப்ஸ் என்ன எண்ணெயில் வறுக்கிறீர்கள்?' என்று கேட்டு எழுதியிருந்தார். எண் முடங்கிவிட்டதால் அவனால் அன்று விடை எழுத இயலவில்லை. நோட்டின் முதற்பக்கத்தில் அவன் எழுதிவைத்திருப்பது அவ்வம்மையாரின் கேள்வியைத்தான். அவர் இன்று இங்கு வந்திருந்தால், விடையை நான் சொல்லிவிடுகிறேன்: தேங்காயெண்ணெய், அம்மா.

அறங்காவலர்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு மலரில் கைபேசி எண்களை அச்சிடுமுன் ஒவ்வொரு குடும்பத்திடமும் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். விரும்பாதவர்களின் எண் இடம்பெற வேண்டா. உங்கள் இசைவின்றி உங்கள் எண்களை நான் கொடுத்ததற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.