கடை அலமாரியில் நம்ம பாக்கெட்



நம்ம பொருள் தரமானதுதான். ஆனா கடை அலமாரியில பத்து பாக்கெட்டுக்கு நடுவுல வச்சா, வாங்குறவங்க கை ஏன் பக்கத்துப் பாக்கெட்டுக்குப் போகுது?

இந்தக் கேள்வியையே தொழிலாக்கிக்கொண்டவர் வால்டர் லேண்டர். 1913-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பிறந்த வடிவமைப்பாளர். 1941-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில், குடியிருந்த வீட்டிலேயே நிறுவனம் தொடங்கினார். பெயர், 'வால்டர் லேண்டர் அண்ட் அசோசியேட்ஸ்'. அசோசியேட்ஸ்னா கூட்டாளிகள். யார் அந்தக் கூட்டாளிகள்? அவர் மனைவி ஜோசஃபின் ஒருத்தர்தான்!

லேபிளை வரைஞ்சுட்டு, நல்லாயிருக்குன்னு அவரே முடிவு பண்ணிக்கல. சூப்பர் மார்க்கெட்டுக்கே போய், சாமான் வாங்க வந்தவங்களைக் கவனிச்சார், அவங்ககிட்டயே கேட்டார். 1964-இல் அலுவலகம் ஓட்டம் நின்றுபோன ஒரு பழைய பயணக் கப்பலுக்கு மாறியது. அதற்குள் மாதிரிக் கடை ஒன்றே அமைத்து, புது அட்டைகளை அடுக்கிச் சோதித்தார். லீவைஸ் போன்ற பெரிய கம்பெனிகள் அவரிடம் வந்தன.

கப்பல் நமக்கு வேண்டாம். ஆயிரக்கணக்கில் லேபிள் அச்சடிக்கிறதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு மாதிரியை ஒட்டி, நம்ம ஊர்க் கடையில மத்த பாக்கெட்டோட வையுங்க. பத்தடி தள்ளி நின்னா பேர் தெரியுதா? கையில எடுத்தா விலையும் தேதியும் படிக்க முடியுதா? நம்மைத் தெரியாத பத்துப் பேர்கிட்ட கேளுங்க. குழுவுக்குள்ள கேட்டா, மனசு நோகக் கூடாதுன்னு எல்லாரும் நல்லாயிருக்குன்னுதான் சொல்வோம். அச்சடிச்ச பிறகு குறை தெரிஞ்சா, போறது வாராவாரம் நாம சேர்த்த சேமிப்பு.