ஆயில் கலந்தாச்சா?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழே பார்க்கிங்கில் தூண் ஓரமாக நிற்கிற பழைய டிவிஎஸ் 50 யாருடையது என்று சிலர் கேட்டீர்கள். என் அப்பாவுடையது. இறுகி நின்றுபோன அந்த இன்ஜினை, கடத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்துப் பிரித்துக் கோத்ததைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர்.

டிவிஎஸ் 50 ஓசூர் ஆலையிலிருந்து 1980-ல் வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகிற மாதிரி நம் நாட்டில் செய்த முதல் மொபெட் அது. ஓசூர் அப்போது தர்மபுரி மாவட்டம்தான். கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது 2004-ல். அதனால் அப்பாவுக்கு அது ‘நம்ம மாவட்டத்து வண்டி’. கடத்தூர் சந்தைக்கு வெற்றிலைக் கட்டு போனதும் அதில்தான், என்னைப் பொம்மிடி ரயிலடியில் கொண்டு விட்டதும் அதில்தான்.

அதைக் கெடுத்தது நான். ஒரு நாள் அவசரமாக எடுத்துக்கொண்டு போனேன். பங்கில் வெறும் பெட்ரோலை நிரப்பினேன். ஸ்கூட்டர் ஓட்டிய பழக்கம். கொஞ்ச தூரத்தில் சத்தம் மாறியது, இழுவை குறைந்தது, நின்றுவிட்டது. பெடலை மிதித்தால் அசையவே இல்லை.

இப்போதைய ஸ்கூட்டர்களில் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தனியாகத் தேங்கியிருக்கும். இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக்கில் அப்படிக் கிடையாது. பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கிருந்துதான் பிஸ்டனுக்கு மேலே ஏறும். பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் போகிற வழியில் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைக்கும். லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில், அவ்வளவுதான் கணக்கு. அது இல்லாமல் அலுமினிய பிஸ்டன் சூடேறிப் பருத்து, சிலிண்டரை உரசிப் பிடித்துக்கொண்டது.

அப்பா திட்டவில்லை. “பிரி, பார்க்கலாம்” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கழற்றின போல்ட், நட்டுகளை வரிசை மாறாமல் இட்லித் தட்டின் குழிகளில் போட்டு வைத்தேன். (அம்மாவுக்குப் புதுத் தட்டு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது.) ஹெட் நட்டுகளை ஒரேயடியாகக் கழற்றாமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஹெட் கோணிவிடும். சிலிண்டர் வரவே இல்லை. பிளக் ஓட்டை வழியாக டீசல் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் மரச் சுத்தியலால் மெதுவாகத் தட்டியதும் அசைந்தது. பிஸ்டனில் பின்னைப் பிடித்திருக்கும் சின்ன வளையத்தைக் கழற்றும்போது அது தெறித்துத் தெருவுக்கே போனது. நல்லவேளை, கிராங்க் கேஸ் வாயைத் துணியால் அடைத்திருந்தேன். அந்த வளையத்தைத் திரும்பப் போடக்கூடாது, எப்போதும் புதுசுதான்.

மேக்னெட்டைத் தட்டி எடுக்க நினைக்காதீர்கள். அதற்கென்று புல்லர் இருக்கிறது, பக்கத்து மெக்கானிக்கிடம் இரவல் வாங்கினேன்.

கிராங்க் கேஸைப் பிரித்தபோதுதான் இன்னொரு விஷயம் தெரிந்தது. மேக்னெட் பக்கத்து ஆயில் சீலின் உதடு காய்ந்த தோல்போல விறைத்திருந்தது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். சீல் வழியாகக் காற்று நுழைந்தால் பெட்ரோல் கலவை மெலிந்து, இன்ஜின் அளவுக்கு மேல் சூடாகும். சரியாக ஆயில் கலந்தாலும் பிஸ்டன் பிடிக்கலாம். “ஆக்சிலேட்டரை விட்டாலும் இரைச்சல் குறைய மாட்டேங்குது” என்று அப்பா எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். கார்புரேட்டர் கோளாறு என்று நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புது பிஸ்டனை மட்டும் மாட்டியிருந்தால் மறுபடியும் அதே கதிதான்.

போரிங் வீட்டில் செய்கிற வேலையல்ல. தர்மபுரியில் லேத் பட்டறைக்குப் போனேன். 0.25 மில்லிமீட்டர் பெரிதாக்கியும் கீறல் தெரியும் என்றார்கள், அதனால் 0.50. பிஸ்டனை முதலில் வாங்கிக் கொண்டுபோய், அதை அளந்துதான் போர் போட வேண்டும். மாட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும்; நான் முதல் தடவை திருப்பிப் போட்டேன், அப்பாதான் பார்த்துச் சொன்னார். இரண்டு சீலும் பேரிங்கும் பேக்கிங்கும் புதுசு.

ஸ்டார்ட் ஆனதும் தெரு முழுக்கப் புகை. அப்பா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “ஆயில் கலந்தாச்சா?” போரிங் செய்த புதிது என்பதால் சற்றுக் கூடுதலாகவே கலந்திருந்தேன்.

இங்கே யாராவது இறங்குவதானால் சில விஷயங்கள். பால்கனியில் வேண்டாம். பெட்ரோல் ஆவி கனமானது, தரையோடு தவழும், சமையலறை அடுப்பு வரை வந்துவிடும். பாகம் கழுவிய டீசலை மழைநீர் வடிகாலில் ஊற்றாதீர்கள். நான் கேனில் சேர்த்து மெக்கானிக் கடையில் கொடுக்கிறேன். 15 வருடம் தாண்டிய வண்டியை ரோட்டில் ஓட்ட ஆர்.சி.யை 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பார்க்கிங்கில் ஓடாத வண்டிகளைப் பழைய இரும்புக்குப் போடச் சங்கம் பட்டியல் எடுக்கிறது. பட்டியலில் டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் ஒருமுறை பிளக்கைக் கழற்றிவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். சுற்றவில்லை என்றால் என்னைக் கூப்பிடுங்கள், புல்லர் இப்போது சொந்தமாகவே வாங்கி வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை பம்ப் ரூம் பின்னால் என் வண்டி சைலன்சரில் கரி சுரண்டப் போகிறேன். வருகிறவர்கள் பழைய சட்டை போட்டு வாருங்கள்.